தட்டின் மற்றப் பக்கம்

பிள்ளையள், ஊசி போடுறதும் கட்டுக் கட்டுறதும் உங்களுக்கு வகுப்பில சொல்லித் தருவினம். அதுக்கு நான் தேவையில்ல. முப்பத்தி நாலு வருசம் வெள்ளை உடுப்போட நிண்ட கால் இது, இப்ப மழைக்கு முதல் நாளே குத்தத் தொடங்கிவிடும். அதால கதிரையில இருந்துகொண்டுதான் கதைப்பன், குறை நினைக்காதேங்கோ. நான் நல்லாச் செய்த வேலையளைப் பற்றிச் சொல்லக் கூப்பிட்டிருந்தா வந்திருக்கவே மாட்டன். அதெல்லாம் மறந்துபோச்சு. பிழை விட்ட கதைதான் வரி வரியா ஞாபகம் இருக்குது, அதைத்தான் சொல்லப்போறன். நித்திரை வந்தா கொள்ளுங்கோ. குறட்டை மட்டும் விடாதேங்கோ, எனக்குக் கோவம் வரும்.

எந்த ஆஸ்பத்திரி எண்டு கேக்காதேங்கோ. பிழை கட்டிடத்தில இல்ல, என்னில. திருகோணமலைத் துறைமுகம் தெரியிற ஒரு ஆம்பிளையள் வாட்டு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு ரெண்டு மணி, மூண்டு மணி ஆகேக்க, வெயில் கடல் தண்ணியில பட்டு ஜன்னலால வந்து மேல முகட்டில ஆடும். கட்டில், அலுமாரி, மருந்துப் போத்தில், எல்லாத்துக்கும் மேலால அந்த வெளிச்சம் ஊர்ந்துகொண்டு திரியும். நோயாளியள் மல்லாந்து கிடந்து அதைப் பார்த்தபடியே கண் அயருவினம். நானும் எத்தினையோ நாள் மேசையில நாடியை வைச்சுக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறன். அந்த நேரத்தில வாட்டே தண்ணிக்கு அடியில கிடக்கிற மாதிரி இருக்கும்.

அந்த வாட்டில முந்தி ஒரு துறைமுகத் தொழிலாளி கிடந்தவர். பெட்டி விழுந்து நசிஞ்ச கால், முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சு. ஒரு நாள் "மிஸி, கால் கடிக்குது" எண்டார். எந்தக் கால் எண்டு கேட்டன். இல்லாத காலைக் காட்டினார். எனக்குச் சரியான கோவம், "விசர்க் கதை கதையாதேங்கோ" எண்டு ஏசிப்போட்டன். மனுசன் பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்து அழுதது. பிறகு பாவமாக் கிடந்ததால, பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில விரிப்பைச் சொறிஞ்சுவிட்டன். "ஆ, அங்கதான்" எண்டு கண்ணை மூடினார். இல்லாதது ஒண்டு மூளைக்குள்ள இருக்கலாம் எண்டு அண்டைக்குப் படிச்சன். படிக்க வேண்டியதில பாதிதான் அது. மற்றப் பாதியைப் படிக்கிறதுக்கு ஒரு லோஞ்சுப் படகு நிறைஞ்ச சனத்தின்ர உயிரைப் பணயம் வைக்க வேண்டி வந்தது.

பாணுக்கு விடிய முதல் வரிசையில நிண்ட பஞ்சக் காலம் அது. மூதூருக்கும் டவுனுக்கும் இடையில ஓடின ஒரு தனியார் லோஞ்சின்ர சுக்கான் பிடிக்கிறவர் ஒருத்தரைப் பாரிசவாதம் எண்டு கொண்டுவந்தவை. மூதூர் முஸ்லிம் மனுசன், ஐம்பது வயது வராது. எல்லாரும் அண்ணை முறையில சுக்கானி நானா எண்டுதான் கூப்பிடுவினம், நானும் அப்பிடியே கூப்பிட்டன். இடக்கையும் இடக்காலும் செத்துப்போய்க் கிடந்தது. வாய்க்கு மட்டும் ஒண்டும் இல்ல, அல்லாட காவல். கொட்டியாரக் குடாவில எந்த இடத்தில நீரோட்டம் இழுக்கும், எந்த மாசம் எந்தக் காத்து வரும் எண்டு நாள் முழுக்கக் கதை.

அவரை மூலைக் கட்டிலில போட்டன். அவருக்கு இடப்பக்கம் சுவர். வலப்பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு அங்கால துறைமுகம். "மிஸி, அந்தாப் போறது எங்கட லோஞ்சு. ஓட்டுறவனப் பாருங்கோ, மாட்டு வண்டில் ஓட்டுறான்" எண்டு ஏசிக்கொண்டு கிடப்பார். தண்ணிக் கோப்பை, துவாய், தொப்பி, எல்லாத்தையும் அவர்ட நல்ல கை எட்டுற வலப்பக்கமா வைச்சன். நானும் அந்தப் பக்கம் நிண்டுதான் கதைப்பன், அந்தப் பக்கம் நிண்டுதான் மருந்து குடுப்பன். வேற பக்கம் நிக்க இடமும் இல்ல, சுவர்தானே. நோயாளிக்கு வசதியா வைக்கிறதுதான் நல்ல தாதியின்ர வேலை எண்டு எங்களைப் பழக்கினவை. எனக்கு என்னைப் பற்றி அப்ப கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு மத்தியானம் "இண்டைக்கும் மீன் இல்லையா மிஸி?" எண்டார். பார்த்தா, தட்டில வலப்பக்கத்துச் சோறு வழிச்சுத் துடைச்சிருக்குது. இடப்பக்கத்தில சோறும் மீனும் அப்பிடியே கிடக்குது. "கண்ணுக்கு முன்னால கிடக்கிற மீனை வைச்சுக்கொண்டு எனக்குப் பகிடியோ?" எண்டு தட்டை அரை வட்டம் சுத்தி வைச்சன். மனுசன் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத எப்ப கொண்டு வந்து வெச்சீங்க?" எண்டார்.

நான் சிரிச்சன். அவரும் சிரிச்சார். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பாதிச் சாப்பாட்டில போய்த் தட்டைச் சுத்திவிடுறது எனக்குப் பழக்கமாப் போச்சு. ஏன் சுத்துறன் எண்டு ஒரு நாள் யோசிச்சிருந்தா இந்தக் கதை இல்ல.

பிறகு ஒரு நாள் தானே சவரம் செய்தார். வலக்கன்னம் மாப்பிளைக் கன்னம், இடக்கன்னத்தில அப்பிடியே தாடி. "பாதி மாப்பிளை" எண்டு பகிடி பண்ணிக்கொண்டு மிச்சத்தை நானே வழிச்சுவிட்டன். பக்கத்துக் கட்டில்காரர் எல்லாரும் சிரிச்சவை. அதோட அந்த அடையாளமும் போச்சு.

அவர்ட மனுசி ரெண்டு நாளைக்கு ஒருக்கா லோஞ்சில வருவா. அதிகம் கதைக்காத பொம்பிளை. அக்கா முறையில ராத்தா எண்டு கூப்பிடுவன். ஒரு நாள் போகேக்க என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டா.

"மிஸி, சொல்றதா வேணாமா எண்டு தெரியல்ல. இவரு தொழுது முடிக்கக்குள்ள வலப்பக்கம் மட்டும்தான் சலாம் குடுக்கிறாரு."

எனக்கு விளங்கேல்ல. அவதான் சொன்னா. தொழுகை முடியிற நேரம் முகத்தை முதல் வலப்பக்கம் திருப்பி அங்க இருக்கிறவைக்கு ஒரு சலாம், பிறகு இடப்பக்கம் திருப்பி ஒரு சலாம். சின்ன வயசில இருந்து ஒரு நாளைக்கு அஞ்சு நேரம் செய்யிறது. அதை இந்த மனுசன் பாதியோட முடிச்சுப்போடுறாராம்.

"கழுத்து நோகுதாக்கும் ராத்தா."

"கழுத்து நல்லாத் திரும்புது மிஸி. கேட்டா, ரெண்டு பக்கமும் குடுத்துட்டன் எண்டுறாரு. பொய் சொல்ற ஆளில்ல."

"வருத்தக்காரன்தானே, மறந்திருப்பார். ஆண்டவன் இதுக்கெல்லாம் கோவிக்க மாட்டார்" எண்டு தோளில தட்டி அனுப்பினன். அவ படியில இறங்கிப் போய்த் திரும்பி ஒருக்கா என்னைப் பார்த்தா. ஆண்டவன் கோவிப்பார் எண்டு அவ சொல்ல வரேல்ல. தன்ர மனுசனுக்கு என்னவோ நடந்திருக்குது எண்டு சொல்லத்தான் வந்தவ. நான் அவவுக்கு ஆறுதல் சொன்னன். ஒரு சொல்லை ஒழுங்காக் கேக்க நேரமில்லாட்டி நாங்கள் செய்யிற வேலை அதுதான், ஆறுதல் சொல்லுறது.

ஆறு கிழமையில நானா தடியில்லாமல் நடந்தார். கையும் பிடிப்பு வந்திட்டுது. பெரிய டொக்டர் வாட்டுச் சுத்தி வரேக்க, "மிஸி, சுக்கானி எப்பிடி?" எண்டார். "நடக்கிறார், கதைக்கிறார், ஒரு குறையும் இல்ல" எண்டன். "கண்?" எண்டார். "விரல் காட்டிப் பார்த்தனான், சரியாச் சொல்லுறார்" எண்டன். பார்த்தது உண்மை. எந்தப் பக்கம் நிண்டு காட்டினன் எண்டு அவர் கேக்கேல்ல, நானும் யோசிக்கேல்ல. என்ர சொல்லில அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கொஞ்ச நாள் வீட்டில இருந்துபோட்டு வேலைக்குப் போகலாம் எண்டு எழுதிக் குடுத்தார்.

ரெண்டு மாசம் போயிருக்கும். மூதூருக்கு அங்கால கட்டைபறிச்சானில அக்காட மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பார்க்கப் போவம் எண்டு ஒரு லீவு நாள் காலமை ஜெட்டிக்கு வந்தனான். லோஞ்சில ஏறினா, சுக்கானுக்குப் பின்னால எங்கட நானா! எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ? "மிஸி, வாங்கோ வாங்கோ! எனக்கு நடை பழக்கின மிஸி இவதான்" எண்டு சனத்துக்கெல்லாம் சொன்னார். சுக்கானுக்குக் கிட்ட இருந்த வாங்கைத் துடைச்சு இடம் தந்தவை. போய் இருந்தன். அது அவருக்கு இடப்பக்கம்.

காத்து எண்டது மருந்துக்கும் இல்லாத காலமை. கடல் எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடந்தது. லோஞ்சு துறைமுகத்தை விட்டு வெளியால வர, எஞ்சின் சத்தம் தாலாட்டி, சனம் ஒவ்வொருத்தராத் தூங்கி விழுந்துது. கரை எது, மேகம் எது எண்டு தெரியாமல் எல்லாம் ஒரே பனிப்புகாரா இருந்தது. இடப்பக்கம் வெயில் தண்ணி முழுக்கப் பரவிக் கிடந்தது. நானும் அரைக் கண்ணில, பிள்ளைக்கு என்ன பேர் வைப்பினம் எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தன். அவ்வளவு நிம்மதியான காலமை என்ர சீவியத்தில கொஞ்சம்தான்.

"ராத்தா சுகமோ நானா?" எண்டு கேட்டன்.

அவர் வலப்பக்கம் திரும்பினார். அங்க பார்த்தார், இன்னும் கொஞ்சம் திரும்பிப் பார்த்தார்.

"மிஸி எங்க போய்ட்டீங்க?" எண்டார்.

முன்னால இருந்த ரெண்டு பேர் சிரிச்சவை. நானும் சிரிக்க வாயைத் திறந்தன். திறந்த வாய் அப்பிடியே நிண்டுது. அவருக்கும் எனக்கும் இடையில ஒரு முழம் தூரம் இல்ல. தட்டில மீன், கன்னத்தில தாடி, ராத்தாட சலாம், மூண்டும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா மேல வந்து நிண்டுது. இந்த மனுசனுக்கு இடப்பக்கம் எண்டு ஒண்டு இல்ல. உலகத்தில பாதி இல்ல. இல்லை எண்டதும் அவருக்குத் தெரியாது.

அந்த நேரம் முன்னால பார்த்தன். இடப்பக்கத்து வெயிலுக்குள்ள ஒரு வள்ளம். ரெண்டு பேர் எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு குனிஞ்சு வலை இழுக்கினம். வலை தண்ணியில கிடக்கேக்க வள்ளத்தை நகர்த்த ஏலாது. லோஞ்சுதான் விலகிப் போகவேணும். விலகேல்ல. நேர அவையளுக்கு மேலதான் போகுது.

"நானா, வள்ளம்! இடப்பக்கம் வள்ளம்!" எண்டு கத்தினன்.

"எங்க மிஸி? ஒண்டும் இல்லியே" எண்டு சிரிச்சார். அவர் பொய் சொல்லேல்ல, கவலையீனமும் இல்ல. கண்ணைத் திறந்து முன்னுக்குப் பார்த்துத்தான் சொன்னார்.

பிள்ளையள், இந்த இடத்தில கொஞ்சம் நில்லுங்கோ. சுக்கானைப் பறிக்க ஏலாது. இருபது வருசம் பிடிச்ச கை, விடாது. எந்தப் பக்கம் சுத்தவேணும் எண்டும் எனக்குத் தெரியாது. எஞ்சின்காரன் கீழ. வள்ளம் இருக்குது, இருக்குது எண்டு நூறு தரம் கத்தலாம், அவருக்கு அது இல்ல. அப்பதான் தட்டு ஞாபகம் வந்தது. மீன் இருக்குது எண்டு நான் ஒரு நாளும் அவரோட வாதாடினதில்ல. அவருக்கு இருக்கிற பக்கத்துக்கு அதைக் கொண்டு வந்தனான், அவ்வளவுதான்.

எழும்பி அவருக்குப் பின்னால ஓடி வலப்பக்கம் வந்தன். வலப்பக்கத்து வெறுங் கடலைக் காட்டி, "நானா, அங்க ஆள்! தண்ணிக்குள்ள ஆள் தாழுது!" எண்டு குளறினன்.

ஒரு கண் வெட்டும் நேரம் கூட யோசிக்கேல்ல அந்த மனுசன். சுக்கானை ஒரே சுத்து. லோஞ்சு சரிஞ்சு வலப்பக்கம் திரும்பிச்சுது. நித்திரையில இருந்த சனம் ஒருத்தருக்கு மேல ஒருத்தர் விழுந்து கத்துது. வள்ளம் எங்கட இடப்பக்கத்தால கையெட்டும் தூரத்தில போச்சுது. வலையில ஒரு துண்டை லோஞ்சு அறுத்துக்கொண்டு போட்டுது. அந்த ரெண்டு பேரும் ஏசின ஏச்சை நான் இங்க சொல்ல ஏலாது.

நானாவுக்கு அந்தச் சத்தம் ஒண்டும் ஏறேல்ல. அவர் வலப்பக்கத் தண்ணியைத் தேடிக்கொண்டு இன்னும் சுத்துறார். "ஆளக் காணல்ல மிஸி! தாழ்ந்துட்டாரோ? யா அல்லாஹ், எங்க மிஸி, காட்டுங்கோ!" கண்ணால தண்ணி ஓடுது. இல்லாத ஒருத்தருக்காக அழுகிறார். லோஞ்சு சுத்திக்கொண்டே வந்து முழு வட்டம் போகேக்க, அந்த வள்ளம் மெல்ல மெல்ல அவர்ட வலப்பக்கத்தில வந்தது. வள்ளத்தில எழும்பி நிண்டு கையை ஓங்குற ரெண்டு பேர். அறுந்த வலை.

நானா அவையளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இவங்க எப்ப வந்தாங்க?"

"அவங்கள் முதலே அங்கதான் நிண்டவங்கள் நானா. தண்ணிக்குள்ள ஆள் இல்ல. நான் பொய் சொன்னனான்."

நானா எஞ்சின்காரனைக் கூப்பிட்டு, "சுக்கானப் பிடி" எண்டார். கையை எடுத்தார். அவர் அதுக்குப் பிறகு ஒரு லோஞ்சின்ர சுக்கானையும் தொடேல்ல.

அடுத்த கிழமை அவரைத் திரும்ப வாட்டில வந்து படுக்கச்சொன்னன். கொழும்பில இருந்து புதுசா ஒரு டொக்டர் வந்திருந்தவர், என்னைவிடப் பத்து வயது குறைஞ்சவர். அவர் சொன்னது இது. கண் தபால்காரன் மாதிரி, கடிதத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிடும். அதை எடுத்து வாசிக்கிறது மூளை. நானாட கண் ரெண்டும் இடப்பக்கத்துக் கடிதத்தை ஒழுங்காத்தான் கொண்டு வருகுது. அதை எடுக்கிற ஆள்தான் உள்ளுக்கு இல்ல. கடிதம் வந்தது எண்டே தெரியாத வீட்டில, கடிதம் வரேல்ல எண்டு ஆர் கவலைப்படப் போகினம்?

நானா எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு கட்டிலில இருந்தார். டொக்டர் போன பிறகு, "எனக்கு ஏன் சொல்லல்ல மிஸி?" எண்டார்.

"நான் பார்க்கேல்ல நானா."

"உங்கட கண் நல்லம்தானே மிஸி" எண்டார்.

குத்திக் கதைக்கேல்ல. அறியத்தான் கேட்டார். வீட்டுக்குப் போய்க் குசினிக்குள்ள நிண்டு அழுதன். அவருக்கு மூளையில அடி பட்டது. எனக்கு என்ன பட்டது? மீனும் தாடியும் ராத்தாவும் எனக்கு முன்னால வந்துதானே நிண்டவை?

அடுத்த நாள், இல்லாத பக்கத்தை அவரே தேடிப் பழகட்டும் எண்டு அவர்ட கட்டிலை மாத்திப் போட்டன். வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் ஜன்னல். தண்ணிக் கோப்பையையும் தொப்பியையும் இடப்பக்கம் வைச்சன். தட்டைச் சுத்த மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். சுவரைப் பார்த்துக்கொண்டு மனுசன் கிடக்க, அட்டென்டன் கூட "உங்களுக்கு ஈவிரக்கம் இல்லையா மிஸி" எண்டு கேட்டான். முதல் நாள் பாதிச் சாப்பாட்டோட கிடந்தார். "மற்றப் பக்கம் இருக்குது நானா, தேடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு நான் அங்கால போயிட்டன், நிண்டா சுத்திப்போடுவன் எண்ட பயத்தில. மூண்டாம் நாள் அவரே ஒரு வழி கண்டுபிடிச்சார். விரலைத் தட்டின் விளிம்பில வைச்சு, தொடங்கின இடத்துக்குத் திரும்பி வரும் வரைக்கும் ஒரு சுத்துச் சுத்தினார். மீன் அகப்பட்டுது. ஜன்னலைக் கண்டுபிடிக்க இன்னும் ரெண்டு கிழமை எடுத்தது.

இனி உங்களுக்கு ஒண்டு. உங்களிட்டையும் ஒரு பொம்பிளை வந்து விறாந்தைக்குக் கூப்பிட்டு, சொல்லுறதோ விடுறதோ எண்டு தெரியாமல் ஒரு சின்ன விசயம் சொல்லுவா. அவவின்ர தோளில தட்டாதேங்கோ. கதிரை ஒண்டு எடுத்துப் போட்டு இருத்துங்கோ. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச மருத்துவம்.

பிறகு நானா ஜெட்டியில கயிறு பிடிச்சுக் கட்டுற வேலைக்குப் போனார். ஒரு வருசத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகேக்க, பின்னேர நேரம், சாமான் கொட்டிலுக்குப் பக்கத்தில பாய் விரிச்சுத் தொழுதுகொண்டிருந்தார். முடியட்டும் எண்டு தள்ளி நிண்டன். வெயில் தண்ணியில பட்டு, பழைய வாட்டு முகட்டில ஆடின மாதிரியே கொட்டில் சுவரில ஆடிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் திரும்பிச் சலாம் குடுத்தார். பிறகு மெல்ல, மெல்ல, நாடி தோளில முட்டும் வரைக்கும் இடப்பக்கம் திரும்பினார். நான் நிண்டது அந்தப் பக்கம்தான். அவர்ட கண் நேர என்னில வந்து நிண்டுது. என்னை அது கண்டுபிடிக்கேல்ல. வாய் மட்டும் சலாம் சொல்லிச்சுது.

அவர் எழும்பினாப் பிறகு சுத்திப்போய் வலப்பக்கத்தில நிண்டன்.

"அட, மிஸி! எப்ப வந்தீங்க?"

"முதலே வந்திட்டன் நானா. இப்ப அந்தப் பக்கம் தெரியுதோ?"

"இல்ல மிஸி. அங்க எனக்கு இன்னும் ஒண்டும் இல்ல. ஆனா இரிக்கி எண்டு நீங்களெல்லாம் சொல்றீங்க. அந்த நம்பிக்கையிலதான் திரும்புறன்." பாயைச் சுருட்டிக்கொண்டு, "நீங்க எங்க நிண்டீங்க?" எண்டு கேட்டார்.

"அந்தப் பக்கம்தான் நானா."

மனுசன் முகமெல்லாம் சிரிச்சார்.

"அப்ப நான் குடுத்த சலாம் உங்களுக்கும் வந்திருக்கும்."

"வந்தது நானா" எண்டன்.